விசாரணைக் குழுவுக்குப் பொன்னாடை

என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் கணினித் திரையில் செக்கச் செவேலென்று வந்து நின்றது. ஒரு வரி, இரண்டு வரி என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பக்கம் பக்கமாகச் சிவப்பு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மென்பொருளில் போட்டுச் சோதிப்பார்கள். வேறு யாரோ எழுதியதை எடுத்து எழுதியிருந்தால் அந்த இடங்களையெல்லாம் அது சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இருந்த நூலக உதவியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னங்க மேடம், இப்புடிக் காப்பி அடிச்சு வெச்சிருக்கறீங்க?"

எனக்குச் சாதாரண நாளிலேயே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்குக் கேட்க வேண்டுமா? "நானா? எங்கிருந்து அடிச்சேன்னு காட்டுங்க பாக்கலாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் காட்டினார். ஓர் ஆய்விதழில் மூன்று மாதம் முன்பு வந்த கட்டுரை. தலைப்பு என்னுடையது. உள்ளே இருந்த ஒவ்வொரு பத்தியும் என்னுடையது. மேலே இருந்த பெயர்கள் மட்டும் என்னுடையவை அல்ல. முதலில் என் நெறியாளர் பெயர், அடுத்து அவருடைய மருமகள் பெயர். கடைசியில் நன்றி சொல்லும் இடத்திலாவது நான் இருக்கிறேனா என்று தேடினேன். ஆய்விதழின் ஆசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அந்த அத்தியாயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஏராளம். வண்டி வடக்கே கிளம்பினால் ஆண்கள் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அந்த மாதங்களில் வீட்டில் இருக்கும் பெண்கள் எதையெல்லாம் தாங்களே முடிவு செய்கிறார்கள், ஆண்கள் வந்து இறங்கியதும் அந்த முடிவுகளெல்லாம் என்ன ஆகின்றன என்பதுதான் என் ஆய்வு. என் கணவருக்கு ரிக் உதிரிபாகக் கடை. அந்தப் பழக்கத்தில் பல வீடுகளில் என்னை உள்ளே விட்டார்கள். நான் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். விடுமுறை நாட்களையெல்லாம் அந்த வீடுகளிலேயே செலவழித்தேன். வெயிலில் போய், கொடுத்த மோரைக் குடித்து, கைபேசியில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதியது அது. இப்போது அதை நான் சமர்ப்பித்தால் திருடி என்று என் ஆய்வு மாணவர் பதிவை ரத்து செய்வார்கள். பட்டம் போகும், கல்லூரி வேலையும் கூடவே போகும். எழுதியவளே நான், திருடியும் நானே!

நூலகத்திலிருந்து நேராகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த நெறியாளர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்த மருமகள்தான். "வாங்க அக்கா, மாமா உங்களைப் பத்திச் சொல்லீட்டே இருப்பாருங்க" என்று சிரித்த முகமாகக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காபியை நான் தொடவில்லை. நெறியாளர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி என் கூச்சலைப் பொறுமையாகக் கேட்டார்.

"அட, இதுக்கா இத்தனை வேகமா வந்தே? எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட் வேலைதானேம்மா. மருமவளுக்கு இண்டர்வியூ வருது, கட்டுரை ஒண்ணு கொறையுதுன்னுச்சு, அவசரத்துல போட்டுட்டேன். நீ உன்னோடதை வேற வார்த்தையில மாத்தி எழுதிக்க சாமி. உனக்கென்ன, நீதான் வேகமா எழுதறவளாச்சே."

அவர் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பதிவு ஒருமுறை ரத்தாக இருந்தபோது எனக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர். மாணவர்கள் எழுதும் கட்டுரையில் நெறியாளர் பெயரையும் சேர்ப்பது எங்கள் துறை வழக்கம். என்னுடைய முந்தைய கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது, அதில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டு, என் அத்தியாயத்தையே மாற்றி எழுது என்கிறாரே!

மறுநாளே பதிவாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, மொதல்ல ஆய்வேட்டைக் குடுத்துப்போட்டு அப்பறமாச் சண்டை போட்டிருக்கலாமுல்ல?"

"குடுத்தாத் திருடின்னு வெளிய அனுப்பிருவாங்க. சண்டை போட்டாத்தானுங்க குடுக்கவே முடியும்."

"அதும் சரிதான்" என்றார். அதற்கப்புறம் அவர் ஒரு நாள்கூட என்னைத் தடுத்ததில்லை.

புகார் வந்தால் முதலில் துறை அளவில் ஒரு குழு விசாரிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எங்கள் துறைத் தலைவர் யார்? என் நெறியாளரேதான். ஆகவே குழுத் தலைவராகப் பக்கத்துத் துறைப் பேராசிரியரைப் போட்டார்கள். கூட இரண்டு உறுப்பினர்கள். ஆனால் துறைக்கு வரும் விருந்தினர்களைக் கவனிப்பது துறைத் தலைவரின் பொறுப்பாயிற்றே, அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கைபேசி அடித்தது. நெறியாளர்.

"ஏம்மா, நாளைக்குக் கமிட்டி வருது."

"தெரியுங்க சார்."

"துறையில வேற யாரும் இல்ல. வர்ற வழியில கடைவீதியில பொன்னாடை மூணு எடுத்துட்டு வந்துரு. போன வைவாவுக்கு எடுத்தியே, அதே கடைதான். அது நல்லா இருந்துச்சு."

"சரிங்க சார்."

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எந்தத் துறையில் எந்த விழா நடந்தாலும் பொன்னாடை, பூங்கொத்து, தின்பண்டம் எல்லாவற்றுக்கும் ஓடுவது ஆய்வு மாணவர்கள்தான். வருஷக்கணக்கில் ஓடி ஓடி வாய் தானாகவே "சரிங்க சார்" என்று சொல்லப் பழகியிருந்தது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்ற புகாரை விசாரிக்க வாரவங்களுக்கு உன்ற கையாலயே பொன்னாடையா? நல்ல கூத்துடா சாமி!"

சொன்ன சொல்லை மீற முடியவில்லை, போய் வாங்கினேன். என் பிறந்த ஊர் ஜலகண்டாபுரம். அப்பா தறி ஓட்டுகிறவர். அந்தப் புத்தியில் மட்டமான ஜரிகையைக் கண்டால் எனக்குக் கை போகாது. கடைக்காரர் மலிவாக எடுத்துப் போட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கரை நன்றாக இருப்பதாகப் பார்த்து மூன்று எடுத்தேன். கோபம் ஒரு பக்கம், கரை சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை ஒரு பக்கம்.

மறுநாள் குழு வந்தது. நெறியாளர் வாசலுக்கே போய்க் கைகூப்பி அழைத்து வந்தார். "ஏம்மா, தட்டைப் புடி" என்றார். பிடித்தேன். தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்துக் குழுத் தலைவருக்குப் போர்த்தினார். "எல்லாரும் இங்க பாருங்க" என்று யாரோ படம் எடுத்தார்கள். நானும் பார்த்தேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன் போலிருக்கிறது.

விசாரணை நெறியாளர் அறையில், அவருடைய நாற்காலியிலேயே குழுத் தலைவரை உட்கார வைத்து நடந்தது. தலைவர் பொன்னாடையைக் கழற்றாமலே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கைடுங்கறவரு அப்பா மாதிரி. அப்பா எடுத்தா அது திருட்டாம்மா?"

"எங்கப்பா தறி ஓட்டறாருங்க. நான் எழுதுனதை எடுத்து எங்க அண்ணிக்குக் குடுக்க மாட்டாருங்க."

ஓர் உறுப்பினர் இருமினார். நான் கைபேசியை எடுத்து, பெண்கள் பேசிய பதிவுகள் எல்லாம் இருக்கின்றன, கேளுங்கள் என்றேன். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் கேக்க இப்ப நேரமில்லைம்மா, சாப்பாடு ஆறிப்போகும்." மேட்டூரிலிருந்து அணை மீன் வரவழைத்திருந்தார் நெறியாளர். வறுவல் வாசம் தாழ்வாரம் முழுக்க இருந்தது. பரிமாறவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் நான் போகவில்லை.

அறிக்கை வந்தது. நடந்தது திருட்டு அல்லவாம், ஆய்வாளருக்கும் நெறியாளருக்கும் இடையே ஏற்பட்ட புரிதல் குறைபாடாம். இருவரும் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆய்வாளர் தம் நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டுமாம். படித்ததும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இனி இவர்கள் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று முதல் காரியமாகத் துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறப் போனேன்.

அங்கே இருந்தது அந்தப் படம். நெறியாளரே போட்டது. "விசாரணைக் குழுவினரை வரவேற்று மகிழ்ந்த தருணம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் வைத்திருந்தார். கீழே எல்லோரும் கைகூப்பும் படங்களாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். பல நாட்களாக எல்லார் கைபேசியிலும் கிடந்த படம். யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லையே! பொன்னாடை இல்லாமல் எங்கள் பக்கம் எந்தக் கூட்டம்தான் நடந்திருக்கிறது? ஆனால் அன்றைக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றேன். "ஏனுங்க, இங்க வாங்க! ஓடி வாங்க!" என்று நான் கத்திய கத்தலில், என்னவோ ஏதோவென்று கணவர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்.

பதிவாளர் அப்போது புதிதாக வந்திருந்த ஓர் அம்மா, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

"பொன்னாடை போத்திக்கிறவரு யாரு?"

"விசாரணைக் குழுத் தலைவருங்க மேடம்."

"போத்துறவரு?"

"நான் யார் மேல புகார் குடுத்தனோ, அவருங்க."

"இந்தத் தட்டைப் புடிச்சிட்டு நிக்கிறது?"

"நானுங்க."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பொன்னாடையை வாங்குனது யாரு?"

"அதும் நானுங்க மேடம்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், எனக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் முகம் மாறியது. "இதெல்லாம் ஒரு விசாரணையா? இந்த அறிக்கை செல்லாதுன்னு எழுதப் போறேன். வெளியாளுங்களை வெச்சு வேற குழு போடச் சொல்றேன். நீ போம்மா." படியிறங்கும்போது என் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த குழுவில் எங்கள் துறையின் காற்றுப் பட்டவர்கள்கூட யாரும் இல்லை. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் பேராசிரியர் தலைவர். இடம் நிர்வாகக் கட்டடம். பதிவுகளைக் கட்டாயம் கேட்போம், கொண்டு வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். துள்ளிக் குதித்தேன், உடனே திக்கென்றது. உங்கள் குரலை வேறு யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன் என்று அந்தப் பெண்களிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நெறி தவறிவிட்டார் என்று ஒருவர் மேல் புகார் கொடுத்துவிட்டு நானே நெறி தவறுவதா? என்னோடு மிகவும் மனம்விட்டுப் பேசிய பெண்மணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"போடு கண்ணு, தாராளமாப் போடு. நானென்ன பொய்யா பேசுனேன்? எம்மாமியாளைப் பத்திச் சொன்னதை மட்டும் வுட்டுப்போட்டுப் போடு. அவளுக்கு ஊரெல்லாம் ஆளுக."

மாமியாரை விட்டுவிட்டுப் போட்டேன். அறையில் தலைவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நெறியாளர். அலுவலக உதவியாளர் தேநீர் கொண்டு வந்தார். "தீர்ப்புச் சொல்ற வரைக்கும் எங்களுக்கு இங்க பச்சைத் தண்ணிகூட வேண்டாம்" என்று தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். கைபேசியை நடுமேசையில் வைத்தார்கள். முதலில் கோழி கத்தும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் அந்தப் பெண்மணியின் குரல். வீட்டுக்காரர் வடக்கே இருக்கும்போது மகளுக்கு மாப்பிள்ளையைத் தானே பார்த்து நிச்சயம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி என்னிடம் கேட்கிறார்: "ஏங் கண்ணு, நீ மட்டும் இந்த வெயில்ல அலையறயே, உன்ற வாத்தியாரு ஒரு நாளாச்சும் வரமாண்டாரா?" அதற்கு என் குரல்: "அவருக்கு வெயில் ஆவாதுங்க்கா."

ஓர் உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டார். நெறியாளரும் பழக்கத்தில் லேசாகச் சிரித்தார், அப்புறம் நிறுத்திக்கொண்டார். தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"கட்டுரையில இந்த வீட்டுக்கு நீங்க நேர்ல போய்ப் பேசினதா எழுதியிருக்கீங்க. இவங்கள்ல ஒருத்தரையாவது பார்த்திருக்கீங்களா சார்?"

நெறியாளர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க" என்றார்.

பொய் சொல்வார் என்று அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. அத்தியாயம் என்னுடையது. கட்டுரையை ஆய்விதழிலிருந்து திரும்பப் பெற வேண்டும். நெறியாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, சில காலம் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் அன்று பிரியாணி. கணவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், விஷயம் புரிந்தாலும் புரியாவிட்டாலும், சொல்லி மகிழ்ந்தார்.

ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நூலகத்துக்கு ஓடினேன். திரையில் அதே சிவப்பு! கட்டுரையை ஆய்விதழ் எடுத்துவிட்டாலும் இயந்திரத்தின் நினைவிலிருந்து அது போகவில்லை. நூலக உதவியாளர் இந்த முறை மரியாதையாகத்தான் பேசினார்.

"மெசினுக்கு உங்க உத்தரவெல்லாம் தெரியாதுங்க மேடம். இந்தப் பகுதி ஆய்வாளரோட சொந்த எழுத்துன்னு நெறியாளர் கையெழுத்துப் போட்ட சான்று வெச்சா, இதைக் கழிச்சுப்போட்டு வாங்கிக்கலாங்க. அதான் விதி."

நெறியாளரை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அதற்குப் பல மாதம் ஆகும், எனக்கோ சமர்ப்பிக்கும் கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. அப்படியே மாற்றினாலும், துறையில் இருந்த மற்றவர்கள் என்னைக் கண்டாலே வேறு படிக்கட்டில் இறங்கினார்கள். இரண்டு குழு, ஒரு பதிவாளர், ஓர் உத்தரவு எல்லாம் தாண்டி, கடைசியில் என் பட்டம் மறுபடியும் அவர் பேனா முனைக்கே வந்து நின்றது.

கிளம்பும்போது கணவர் வாசல் வரை வந்தார். "கையெழுத்து விழுவற வரைக்கும் உன்ற வாயைத் தெறக்காதே புள்ள, கும்புடறேன்." தலையாட்டிவிட்டுப் போனேன்.

அவர் அறையில் தனியாக இருந்தார். சற்று இளைத்திருந்தார். சான்றை மேசையில் வைத்தேன். மெதுவாகப் படித்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே பிடித்தார். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"மொதல்லயே நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உம் பேரையும் நானே சேத்திருப்பேனே சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மனம் நொந்து சொன்னார்.

வாயைத் திறக்கக் கூடாது. பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. எனக்குக் கணவர் முகம் நினைவுக்கு வந்தது, கெடு நினைவுக்கு வந்தது. ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தக் கட்டுரையையே நான் உங்களுக்குக் குடுத்திருப்பேனுங்க சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.